ஜெராவின் கையும் ருகையாவின் காதும்

கதவுக்குப் பின்னால் மறுபடியும் சிரிப்புச் சத்தம். மீனையும் சவ்வரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்த ருகையா கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு சிரிப்பு மருத்துவச்சி ஜெராவுடையது. பழைய மோட்டார் படகைக் கிளப்புவது போல இருக்கும். ஆற்றுக்கு அந்தக் கரைவரை கேட்கும். அதைப் பற்றி ருகையாவுக்குக் கவலை இல்லை. இன்னொரு சிரிப்பு அவள் மகள் அதீகாவுடையது. வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அதுதான்.

"அப்படி என்னத்தைச் சொல்லிச் சிரிக்கிறாளுங்க?" என்று மாவைப் பார்த்துக் கேட்டாள். மாவு என்ன சொல்லும்? ஓங்கி இரண்டு குத்து வாங்கிக்கொண்டது. அன்றைக்குப் போட்ட கெரோபோக் மீன் பலகாரம் எல்லாம் கொஞ்சம் அழுத்தமாகவே இருந்ததாக வாங்கியவர்கள் பின்னால் சொன்னார்கள்.

அதீகாவுக்கு ஷா ஆலம் நகரத்தில் வங்கி வேலை. தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள், டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு பத்தியத்துக்கு மாராங் ஆற்றோரத்து அம்மா வீட்டுக்கே திரும்பியிருந்தாள். மாப்பிள்ளை ரித்வான் வார விடுமுறைக்கு வந்து பிள்ளையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் தாயும் மகளும்தான். அந்த மகள் இத்தனை நாளில் தாயிடம் பேசியதெல்லாம் மூன்றே வார்த்தை. 'ம்', 'சரிம்மா', 'ஒண்ணுமில்லம்மா.' சோறு போதுமா என்றால் 'ம்'. பிள்ளையைக் கொடு, நான் வச்சிருக்கேன் என்றால் 'சரிம்மா'. கண்ணு ஏன் சிவந்திருக்கு என்றால் 'ஒண்ணுமில்லம்மா'. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தங்க வந்த இடத்தில் விடுதிக்காரியிடம் பேசுவது போல அத்தனை மரியாதை. பெற்றவளிடம் எதற்கு அத்தனை மரியாதை?

ஆனால் காலையில் ஜெராவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், அந்த முகமே வேறு. எண்ணெய்ப் போத்தலும் நுணா இலைக் கட்டுமாக ஜெரா உள்ளே போவாள், கதவு சாத்திக்கொள்ளும், பிறகு பேச்சும் சிரிப்பும்தான். சில நாள் அழுகைகூட. அழுகையைக் கேட்கும்போது ருகையாவுக்கு இன்னும் கூடுதலாக எரியும். சிரிப்பை யாரிடம் வேண்டுமானாலும் சிரிக்கலாம். அழுகையை அப்படிக் கொடுப்பார்களா?

இதில் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை. ஜெராவுக்கு வெற்றிலைத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்ததே ருகையாதான். ஏழாம் மாதத்தில் அதீகா வீங்கின காலோடு, தூக்கமில்லாமல் வந்து நின்றபோது ஜெராவைக் கூப்பிட்டாள். ஜெரா ஏழு நிறத்துணியை இடுப்புக்கு அடியில் விரித்து, ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் பிடித்து வயிற்றைத் தாலாட்டினாள். காலை நீவிவிட்டாள். அன்றைக்கு அதீகா மத்தியானம் படுத்தவள் மாலை வரைக்கும் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். ருகையா அப்போது சந்தோஷப்பட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் அந்த வயிறு அந்தக் கைக்குச் சொந்தம். நாற்பத்து நாலு நாள் பத்தியம் முடிகிறவரை வேறு யாரும் தொடக்கூடாது. நடுவில் ஆளை மாற்றினால் தொட்ட கையை அவமதித்ததாகப் போய்விடும்.

ஜெராவும் ருகையாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. அந்தக் காலத்திலேயே அப்படித்தான். ருகையா முதல் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் கடைசி பெஞ்சில் ஜெராவைச் சுற்றிக் கிடப்பார்கள். ஜெரா மூன்று கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது ஆற்றுமுகத்திலிருந்து பாலம்வரை அவள் கை படாத வயிறு கிடையாது, அவள் காதுக்கு வராத கதையும் கிடையாது. ருகையாவுக்கு இருந்தது ஒரே புருஷன். கடலுக்குப் போன அவன் படகு ஒரு மழைக்காலத்தில் திரும்பவில்லை. அதற்கு மறுவருஷம் அதீகாவைப் பதின்மூன்று வயதில் ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்பினாள். ஒற்றை ஆளாகக் கெரோபோக் போட்டு மகளைப் படிக்க வைத்தாள், பிரிந்திருந்து வளர்த்தாள் என்று ஊர் மெச்சியது. அந்தப் பெயரை ருகையா நல்ல உடுப்பைப் பெட்டியில் வைப்பது போலப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பெட்டி என்றதும் சொல்லிவிட வேண்டும். ருகையாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. சக்கரம் வைத்தது, புதிது. பத்தியம் முடிந்ததும் அதீகா ஷா ஆலம் போவாள். ரித்வான் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாள்? அம்மாவைக் கூப்பிடுவாள். கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? அந்தப் பெட்டிக்குள் மூன்று பாஜு குரோங் உடுப்பு, தொழுகை அங்கி, ஒரு பொட்டலம் கருவாடு எல்லாம் மடித்து வைத்தாயிற்று. கடையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியாயிற்று. மகளிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் வாயால் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.

ஒரு நாள் ஜெரா கிளம்பும்போது ருகையா படிக்கட்டில் மறித்துக்கொண்டாள்.

"என்னடி சொல்றா அவ?"

"யாரு?"

"என் மாமியாரு! என் மகதான்டி."

"கால்ல இருந்த நீரெல்லாம் வத்திருச்சு. கர்ப்பப்பை நல்லா மேலே ஏறிருச்சு. இடுப்புல மட்டும் கொஞ்சம் வாயு. சூட்டுக்கல் வச்சா ரெண்டு நாள்ல ஓடிரும்."

"நான் உடம்பைக் கேக்கல."

"நான் உடம்பைத்தானே தொடறேன்."

"நேத்து அழுதாளே, ஏன் அழுதா?"

ஜெரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் தட்டிலிருந்து ஒரு கெரோபோக்கை எடுத்துக் கடித்தாள். "எண்ணெய் தேச்சா எல்லாரும்தான் அழுவாங்க ருகையா. அதை அங்கேயே எண்ணெயோட தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். எல்லார் அழுகையையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா நான் பைத்தியமாயிர மாட்டேனா?" ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "மீனுக்கு உப்பு பத்தலை, பாத்துக்க."

உப்பு பத்தலையாம். ருகையா அந்தத் தட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அதற்கு அப்புறம் கதவோரத்தில் அவளுக்கு வேலை அதிகமாகிவிட்டது. கூட்டுவாள், துடைப்பாள், கதவு கீலுக்கு எண்ணெய் விடுவாள். அப்படி ஒரு காலையில் மகளுக்கு மஞ்சளும் இஞ்சியும் போட்ட கஷாயத்தைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள், உள்ளே மகளின் குரலைக் கேட்டாள். கெஞ்சுகிற குரல். ஜெராவை அவள் சித்தி முறை வைத்து மக்சிக் என்றுதான் கூப்பிடுவாள்.

"மக்சிக், நீங்க என்கூட ஷா ஆலம் வந்துருங்களேன். ஒரே ஒரு மாசம். எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

அதற்கு ஜெரா என்ன சொன்னாள் என்று கேட்க ருகையா நிற்கவில்லை. அடுப்படிக்கு வந்தாள். மகளுக்கு வைத்த கஷாயத்தை நின்ற நிலையில் ஒரே மூச்சில் தானே குடித்தாள். நாக்கு வெந்துபோயிற்று. நாக்கு வெந்தது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பெற்றவள் ஒருத்தி இங்கே மலை மாதிரி நிற்கும்போது, மூணு புருஷன்காரி ஜெராவைக் கூப்பிடுகிறாள்! இரத்த சம்பந்தம் உண்டா, பால் சம்பந்தம் உண்டா? கையில் கொஞ்சம் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்து என் மகளைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று அடுப்போடு அடுப்பாக எரிந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சந்து முனையில் போய் நின்றாள். ஸ்கூட்டர் வந்தது.

"இனிமே நீ வரவேண்டாம் ஜெரா. சம்பந்தி வீட்ல அவங்க ஆள் ஒருத்தியை அனுப்பறாங்களாம். கேட்டா முடியாதுன்னா சொல்ல முடியும்?"

ஜெரா அவள் முகத்தைப் பார்த்தாள். "வெத்தலை கொடுத்தவ நீ. நடுவுல நிறுத்தறதும் நீயா?"

"நான் எங்க நிறுத்தினேன்? சம்பந்தி..."

"சரி" என்றாள் ஜெரா. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட ருகையாவுக்கு மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் மகளுக்கு வேறு கதை. "ஜெரா டுங்குன் போயிட்டா. அவ தங்கச்சிக்கு ஏதோ உடம்பு சரியில்லையாம். அதனால என்ன, நான் இல்லையா? இத்தனை வருஷமா மாவு பிசையற கை இது. ஒரு முதுகைப் பிசையத் தெரியாதா?"

"சரிம்மா" என்றாள் அதீகா.

மீன் வாடை போக எலுமிச்சையைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள் ருகையா. எண்ணெயைச் சூடு பண்ணினாள். மகள் பாயில் குப்புறப் படுத்துத் துணியை இறக்கியதும் கொஞ்சம் திகைத்து உட்கார்ந்துவிட்டாள். பதின்மூன்று வயதில் கடைசியாகப் பார்த்த முதுகு. இடது தோளுக்குக் கீழே அந்த மச்சம் அங்கேயேதான் இருந்தது. மற்றதெல்லாம் யாரோ ஒரு பெரிய பொம்பளையின் முதுகு. தொடுவதற்கே ஒரு கூச்சமாக இருந்தது. கூச்சத்தை மறைக்க அழுத்திப் பிடித்தாள்.

கை பட்டதும் மகளின் உடம்பு விறைத்துக்கொண்டது. ருகையா விடவில்லை. ஜெரா எப்படிப் பிடிப்பாள் என்று அவள் பார்த்ததில்லை. சாத்திய கதவைத்தானே பார்த்திருக்கிறாள். ஆகவே மாவுக்குச் செய்வதையே முதுகுக்கும் செய்தாள். உள்ளங்கையை ஊன்றித் தள்ளி, இழுத்து, மடித்து, மறுபடி தள்ளி. தள்ளிக்கொண்டே, இப்போது பேசுவாள், இப்போது பேசுவாள் என்று காத்திருந்தாள்.

"ஏதாவது பேசேன்" என்றாள் கடைசியில்.

"என்னம்மா பேச?"

 இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"வலிக்குதும்மா."

"வலிச்சாத்தான் நல்லது."

பிறகு வயிற்றுக்கட்டு. நீளத் துணியைச் சுற்றிச் சுற்றி முன்பக்கம் வரிசையாக முடிச்சுப் போடவேண்டும். இந்த வேலையில் தன்னை அடிக்க ஆளில்லை என்று ருகையாவுக்கு நினைப்பு. எத்தனை மூட்டை கட்டியிருக்கிறாள்! மூட்டையை எப்படிக் கட்டுவாளோ அப்படியே நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி இறுக்கி இடுப்புவரை இறக்கினாள். கடைசி முடிச்சைப் போட்டதும் அவளுக்கே முதுகில் ஒரு சுளுக்கு மின்னிவிட்டுப் போயிற்று.  மகள் மூச்சை மேலே மேலே வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள்.

மத்தியானத்துக்குள் அடிவயிற்றில் பாரம் இறங்கியது போல வலி. மார்பு இரண்டும் கல்லாகிவிட்டது. பிள்ளை வாயை வைக்கும், பால் வராது, வீட்டுக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தும். கத்தல் தொடங்கியதும் ருகையா எப்போதும் போல விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அறைக்குள் அதீகா செல்போனை எடுத்தாள்.

அந்தக் காலத்துப் பொய் ஒரு வாரமாவது தாங்கும். இந்தக் காலத்தில் மத்தியானச் சோறுவரைக்குமே தாங்குவதில்லை.

அதீகா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் அழுகிற பிள்ளை, ஒரு கை அடிவயிற்றில். "மக்சிக் அவங்க வீட்ல மீன் பொரிச்சிட்டிருக்காங்க. டுங்குன் பக்கமே போகலையாம். என் மாமியார் ஆள் அனுப்பறதா நீதான் சொன்னியாமே. ஏம்மா?"

என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிட்டாயே என்பது ருகையாவின் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டது.

"இரு. கூட்டிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஆற்றோரப் பாதை முழுக்க வெயில். வழியில் இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். அவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

ஜெரா வாசலிலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ருகையாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வெத்தலை கொண்டாந்தியா?"

ருகையா தன் வெறுங்கையைப் பார்த்தாள். நடுவில் முறித்துக்கொண்டு மறுபடி கூப்பிட வருகிறவள் தட்டில்லாமல் வரலாமா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. "அவளுக்கு வலிக்குது ஜெரா. நான் கட்டினதுதான். பிள்ளைக்குப் பால் இறங்கல. நீ என்னை என்ன வேணா சொல்லு, அப்புறமா சொல்லு."

ஜெரா தன்னுடைய வெற்றிலைப் பெட்டியையே அவள் பக்கம் தள்ளிவிட்டாள். "எடு."

"என்னத்தை?"

"வெத்தலையை எடுத்து எனக்குக் கொடுடி. கொடுத்தாத்தானே நான் எந்திரிக்க முடியும்?"

ருகையா ஜெராவின் வெற்றிலையை எடுத்து ஜெராவுக்கே கொடுத்தாள். ஜெரா அதைப் பவ்வியமாக வாங்கிக்கொண்டாள், யார் வீட்டுச் சீரையோ வாங்குவது போல. பிறகு ஸ்கூட்டரின் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டாள்.

வயிற்றுக்கட்டைப் பார்த்ததும் ஜெரா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். "அடியே ருகையா, இது பிள்ளை பெத்தவ வயிறா, கெரோபோக் மூட்டையா? கீழேருந்து மேலே கட்டணும்டி. மேலேருந்து கீழே அமுக்கினா உள்ள இருக்கிறதெல்லாம் எங்க போகும், மாராங் ஆத்துக்கா?"

அத்தனை வலியிலும் அதீகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருகையாவும் பக்கத்திலேயே இருந்ததால் முதல்முறையாக அந்தச் சிரிப்பைக் கதவில்லாமல் கேட்டாள். சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்றாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜெரா கதவைச் சாத்தவில்லை. முடிச்சுகளை அவிழ்த்தாள். வெந்நீரில் பிழிந்த துணியை மார்பில் போட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அத்தனை லேசாக நீவினாள். ருகையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இவ்வளவுதானா? அழுத்தவே இல்லையே! மகளின் தோள் இறங்கியது, தாடை இறங்கியது, பிறகு பாலும் இறங்கியது. பிள்ளை மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடிவயிற்றை மெல்ல ஏந்தி மேலே நீவி, இடுப்பிலிருந்து ஆரம்பித்துத் துணியைச் சுற்றினாள். அதீகாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் கீய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிரணும், என்னைத் தேடிட்டிருக்கக் கூடாது" என்றாள் ஜெரா. "ருகையா, அந்தச் சூட்டுக்கல்லைத் தூக்கு."

ருகையா குனிந்தாள். காலையில் மின்னிய சுளுக்கு இப்போது இடியாக இறங்கியது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, அல்லாஹ்!"

"போச்சுடா" என்றாள் ஜெரா. "அதீகா, நீ கூடத்துல உக்காந்து பால் கொடு. உங்கம்மா கொஞ்சம் படுக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"வாயை மூடிட்டுப் படுடி."

கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை ருகையா உள்ளே இருந்தாள்.

தன்னை யாரும் இப்படித் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று ருகையா யோசித்துப் பார்த்தாள். அதீகா பிறந்தபோது பத்தியமும் இல்லை, எண்ணெயும் இல்லை. வீட்டில் பார்க்க ஆளில்லாமல் பச்சை உடம்போடு எழுந்து மாவு பிசைந்தாள். அதற்கப்புறம் அந்த முதுகு என்று ஒன்று இருப்பதே சுமை தூக்கும்போதுதான் நினைவுக்கு வரும். ஜெராவின் கை இடுப்பில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கனமான கை, ஆனால் பாரமில்லை.

"கணக்கு வாத்தியார் ஆத்துல விழுந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஜெரா.

"அவரு எங்க விழுந்தாரு, நீதானே தள்ளிவிட்டே!"

"நான் எங்க தள்ளினேன்? உன் புத்தகப்பைதான் தடுக்கிச்சு. இத்தனை வருஷமா உன்னைக் காட்டிக்கொடுக்காம வச்சிருக்கேன்."

ருகையா சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்தோ குபுக்கென்று கிளம்பி வந்தது, நிறுத்த முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெராவின் கட்டைவிரல் தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டது. சிரிப்பு அப்படியே திரும்பி அழுகையாயிற்று.

"அவளை நான் படிப்புக்காக அனுப்பல ஜெரா."

ஜெரா இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். கை சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவங்கப்பா போனப்புறம் தெனம் அழுதா. படகு வருதான்னு பாத்துப் பாத்து அழுதா. எனக்கு அந்தச் சத்தம் தாங்கல. என் அழுகையே எனக்குப் பெரிசா இருந்துச்சு, அவளோடதையும் எங்க வைக்கிறது? கேக்காம இருந்தாப் போதும்னு ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். ஊரெல்லாம் படிப்புன்னு சொன்னேன். அவ போனப்புறம் வீடு அமைதியாயிருச்சு. அந்த அமைதி எனக்குப் பிடிச்சிருந்துச்சுடி. நல்லாத் தூங்கினேன். பாக்கப் போனா மறுபடி அழுவாளேன்னு போகக்கூட இல்ல."

"ம்" என்றாள் ஜெரா.

அவ்வளவுதான். ஆறுதல் இல்லை, புத்திமதி இல்லை. எண்ணெயைத் துண்டால் துடைத்தாள், முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "எந்திரி. நாளைக்கு வரேன். உன் மக ஷா ஆலமுக்குக் கூப்பிட்டா, முடியாதுன்னுட்டேன். மூணாவது புருஷன், தனியா விட்டுட்டுப் போக முடியாது. யாரைக் கூப்பிடறதுன்னு அவளே பாத்துக்கட்டும்."

ருகையா எழுந்தாள். முதுகு நிமிர்ந்தது. கதவைத் திறந்தால், நேர் எதிரே அதீகா நின்றுகொண்டிருந்தாள். தோளில் தூங்குகிற பிள்ளை. ஜெரா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, தட்டில் இருந்த கெரோபோக்கை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"அவங்ககிட்ட என்னம்மா சொன்னே?" என்றாள் அதீகா.

'ஒண்ணுமில்ல' என்பது ருகையாவின் நுனி நாக்கில் இருந்தது.

"நீ சிரிச்சு நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு அப்படிச் சிரிச்சே. அப்புறம் அழுதே. அவங்ககிட்ட மட்டும் உனக்கு என்ன பேச்சு?"

ருகையா மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. இந்த முகத்தை அவளுக்கு நன்றாகவே தெரியும். இத்தனை நாளாக அவளேதான் மாட்டிக்கொண்டு திரிந்தாள். அடிப்பாவி, இவளுக்குப் பொறாமை! என்னை வைத்து ஒருத்திக்குப் பொறாமை! வெளியே சொன்னால் வெட்கம், ஆனாலும் ருகையாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் தைரியம் கொடுத்திருக்கவேண்டும். "உக்காரு, சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். ஜெராவிடம் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல், நல்லாத் தூங்கினேன் என்பது உட்பட, மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அதீகா பிள்ளையின் காலை வருடினாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள். "நான் அழறதாலதான் நீ அனுப்பறேன்னு அப்பவே தெரியும். அதனாலதான் அங்க போனதும் அழறதை நிறுத்தினேன். நிறுத்திட்டா நீ வந்து கூட்டிட்டுப் போவேன்னு நினைச்சேன். நீ வரல. அதுக்கப்புறம் உன்கிட்ட எனக்கு அழவே வரலம்மா. வேற எதுவும் வரல."

ருகையா பிள்ளையின் நழுவிய துணியை இழுத்துவிட்டாள்.

"இவன் அழறப்ப எனக்கும் எங்கேயாவது போட்டுட்டு ஓடிடலாம்னு இருக்கு. அதைத்தான் மக்சிக்கிட்ட சொன்னேன். ரொம்பப் பேருக்கு வரும், போகப் போகச் சரியாகும், சரியாகலைன்னா டாக்டரைப் பாக்கணும்னாங்க. அதை உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? ஷா ஆலமுக்கு வான்னு உன்னை எப்படிக் கூப்பிடறது? இவன் அழுதா நீ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவியே."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தது போலப் பிள்ளை கண்ணை விழித்துக்கொண்டான். முகம் சிவந்து, வாய் கோணி, கத்த ஆரம்பித்தான். அதீகாவின் தோள் உடனே இறுகியது. ருகையாவின் காலும் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பியது. திரும்பியதை அவளே பார்த்தாள். கீழே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"கொடு. அழட்டும். நீ போய் என் கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கு, இழுத்துட்டு வா."

சக்கரம் தரையில் கடகடவென்று வந்தது. அதீகா திறந்து பார்த்தாள். உடுப்பு, அங்கி, கருவாட்டுப் பொட்டலம். எல்லாமே மடிப்புக் கலையாமல் இருந்தன.

"எப்பம்மா கட்டினே?"

"நீ வந்த மறுநாளே."

அதீகா பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, பதின்மூன்று வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி வாய்விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மடியில் ஒருத்தன், எதிரே ஒருத்தி. வீடு முழுக்க ஒரே அழுகைச் சத்தம். ருகையா எழுந்து போகவில்லை.